கத்தரிக்காய்த் தொப்பி என்ன? பிள்ளைகளுக்குப் பூவைக் கற்றுக்கொடுக்க ஒரு வழி

ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் செம்பருத்திப் படத்தைக் கொடுத்தால் புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள், சூலகம் என்று மடமடவென்று குறித்துவிடும். அதே பிள்ளையிடம் ஒரு கத்தரிக்காயைக் கொடுத்து, அதன் தலையில் இருக்கிற பச்சைத் தொப்பி என்னவென்று கேளுங்கள். திருதிருவென்று விழிக்கும். மொட்டைப் பச்சையாக மூடியிருந்த அதே புல்லிதான், காய் முற்றும்வரை உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூ ஒரு பாடம், காய் வேறொரு பாடம் என்று நாம் பிரித்து நடத்துவதால் வருகிற வினை இது.

விருதுநகர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பூவைப் பிய்ப்பதோடு வகுப்பை முடிக்காமல், அது காயாகும்வரை பிள்ளைகளைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. வீட்டில் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் இதே முறை ஒத்துவரும்.

முதலில் எந்தப் பூ வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். "நாளைக்கு ஆளுக்கொரு பூ கொண்டு வாங்க" என்றால் பாதிப் பேர் சாமி படத்திலிருந்து செவ்வந்தியை எடுத்து வருவார்கள். அது ஒரு பூவே இல்லை, குட்டிக் குட்டிப் பூக்களின் கூட்டம். சூரியகாந்தியும் அப்படித்தான். அடுக்கு ரோஜாவில் மகரந்தத்தாள்கள் பலவும் இதழாக மாறிப்போயிருக்கும், எண்ணிக் குழம்புவார்கள். ஊமத்தை பெரிதாக, பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் விஷம். அரளியும் அதே கதைதான். இரண்டையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

பாடப்புத்தகச் செம்பருத்தி மோசமில்லை. ஆனால் அதில் மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒரே குழாயாகச் சேர்ந்து, சூல்தண்டு அதற்குள்ளேயே நுழைந்து போகிறது. நடுவில் நீட்டிக்கொண்டிருப்பது மொத்தமும் ஒரே உறுப்பு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். போதாததற்கு, வீட்டுச் செம்பருத்தி பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. குச்சி நட்டுத்தானே வளர்க்கிறோம்.

அதனால் நான் தொடங்குவது குல்மோகரில். எங்கள் பக்கம் மே மாசப் பூ என்போம். பள்ளி திறக்கிற ஜூனில்கூட மரத்தில் மிச்சம் இருக்கும். அதன் மகரந்தத்தாளை உருவி, நுனித் தலையோடு தலை கோத்து இழுத்து, யார் தலை அறுகிறதோ அவர் தோற்றார் என்று விளையாடாத பிள்ளை உண்டா? முதல் வகுப்பு முழுக்க அந்தச் சண்டைதான். ஆட்டம் சூடு பிடித்ததும் சொல்லுங்கள்: கையில் பிடித்திருப்பது மகரந்தக் கம்பி, அறுந்து விழுந்தது மகரந்தப்பை. விரலில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பொடியைக் கறுப்புச் சார்ட்டில் தேய்த்துக் காட்டினால் மகரந்தத்தூளும் முடிந்தது.

ஒரு பூவில் பத்துத் தாள்கள் இருக்கும். பத்தையும் பறித்த பிறகு நடுவில் ஒன்று மிஞ்சும். அதை எடுத்துச் சண்டைக்குப் போகிறவனைத் தடுத்து நிறுத்துங்கள். அதுதான் சூலகம். நுனியில் சூல்முடி, நடுவில் சூல்தண்டு, அடியில் சூல்பை. அந்தச் சூல்பையை நகத்தால் நீளவாக்கில் பிளந்து வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே வரிசையாகப் பொடிப்பொடி மணிகள். அவை சூல்கள். உடனே அதே மரத்தடியில் பொறுக்கிய காய்ந்த நெற்றை, வாள் சண்டை போடுவோமே அதை, பக்கத்தில் வைத்து ஆட்டுங்கள். உள்ளே விதைகள் கலகலக்கும். இந்தச் சூல்பைத் துணுக்குதான் ஒரு முழத்துக்கு மேல் நீண்டு அந்த வாளாகிறது என்றால் பிள்ளைகள் முதலில் நம்ப மாட்டார்கள். நம்பாமல் இருப்பது நல்லது. அடுத்த வேலைக்கு அதுதான் மூலதனம்.

அடுத்த வேலை பூசணிக் கொடி. சமையலுக்கு வாங்கிய காயின் விதையே போதும். ஆடியில் ஊன்றினால் ஆவணி, புரட்டாசியில் பூத்துவிடும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூக்கள்தான், நீளமான ஒல்லிக் காம்போடு இருக்கும். பெண் பூவுக்கு அடியிலேயே சுண்டைக்காய் அளவில் ஒரு குட்டிப் பூசணி உட்கார்ந்திருக்கும். ஆண், பெண் என்றதும் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும். கிளம்பட்டும். நீங்கள் குரலைத் தாழ்த்தாதீர்கள், பார்வையைத் திருப்பாதீர்கள். ஆண் பனை நுங்கு தராது என்பது இந்தப் பிள்ளைகளுக்கு எப்போதோ தெரியும். அதை நினைவுபடுத்தினாலே போதும், சிரிப்பு அடங்கிவிடும்.

மறுநாள் மலரப்போகிற மொட்டின் நுனி முந்தின மாலையே மஞ்சளாகத் தெரியும். அப்படி இரண்டு பெண் மொட்டுகளையும் ஓர் ஆண் மொட்டையும் மெல்லிய துணிப்பை போட்டுக் கட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூ அழுகும். மூன்றாவதாக ஒரு பெண் மொட்டை அப்படியே தேனீக்களுக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் காலை ஏழு, ஏழரைக்குள் வேலை நடக்க வேண்டும், வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டு, அதன் நடுத்தண்டை, பை கட்டியிருந்த ஒரு பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்த்ததும் மறுபடி பையைக் கட்டிச் சிவப்பு நூல். தொடாத பூவுக்கு வெள்ளை நூல், பையைக் கழற்றவே கூடாது. திறந்து விட்டதற்குப் பச்சை நூல்.

சில நாளில் வெள்ளை நூல் பிஞ்சு மஞ்சளித்து, வெம்பி, விழுந்துவிடும். சிவப்பு நூல் பிஞ்சு பருக்கத் தொடங்கும். பச்சை நூல் அன்றைக்குத் தேனீ வந்ததைப் பொறுத்தது. பிஞ்சு வெம்பினால் 'கண்ணு பட்டுருச்சு' என்கிற பாட்டிமார்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்களோடு வாதாட வேண்டாம், நூலைக் காட்டினால் போதும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைப்பேன்.

இந்தச் சோதனையை வெண்டையில் செய்யாதீர்கள். வெண்டைப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும், பை கட்டினாலும் காய் வரும்.

கையால் தேய்க்கிற அன்று ஒரு கதை சொல்லலாம். வனிலாக் கொடியின் தாயகம் மெக்சிகோ. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் அது செழித்து வளர்ந்தும் சரிவரக் காய்க்கவில்லை. 1841இல் அங்கே அடிமையாக இருந்த எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயதுப் பையன், ஒரு சின்னக் குச்சியால் பூவின் நடுச்சவ்வை விலக்கி, மகரந்தத்தைச் சூல்முடியில் அழுத்திக் காய்க்க வைத்தான். வனிலாத் தோட்டங்களில் இன்றைக்கும் கையால்தான் சேர்க்கிறார்கள்.

சூல்முடியில் விழுந்த தூள் உள்ளே இருக்கிற சூலுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது கண்ணால் காட்ட முடியாத இடம். அதற்கு எனக்குக் கைகொடுப்பது மக்காச்சோளம். பச்சைக் கதிரைத் தோல் உரித்து, குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு இழையை மட்டும் அறுக்காமல் உள்ளே வரை தொடரச் சொல்லுங்கள். அது ஒரே ஒரு முத்தில் போய் முடியும். எத்தனை முத்தோ அத்தனை இழை. காற்றில் வந்த தூள் இழையில் ஒட்டி, அங்கிருந்து ஒரு நுண்ணிய குழாயை விட்டு, அந்த நீளம் முழுக்க வளர்ந்துபோய்ச் சூலைத் தொடுகிறது. தூள் கிடைக்காத இழையின் அடியில் முத்து பிடிக்காது. கதிரில் பொக்கையாக இருக்கிற இடத்தைக் காட்டிக் காரணம் கேளுங்கள், பதில் அவர்களிடமிருந்தே வரும்.

தேர்வு என்று தாள் எதுவும் நான் கொடுப்பதில்லை. மேசையில் கத்தரிக்காய், கொய்யா, மாதுளை, தக்காளி. பூவின் மிச்சம் எதில் எங்கே இருக்கிறது? கத்தரிக்கும் தக்காளிக்கும் புல்லி காம்புப் பக்கம். கொய்யாவுக்கும் மாதுளைக்கும் மறுமுனையில். காரணம், கத்தரிப் பூவில் சூல்பை இதழ்களுக்கு மேலே இருக்கிறது, கொய்யாப் பூவில் கீழே. இதைத் தானாகச் சொல்கிற பிள்ளைக்கு அந்தக் கொய்யா பரிசு.

யாராவது ஒருத்தி கட்டாயம் வாழைப்பழத்தைக் கேட்பாள்: "அதுல விதையே இல்லையே டீச்சர்?" நாம் தின்கிற வாழை மகரந்தம் சேராமலே பழுக்கிற வகை. நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் விதையாகாமல் நின்றுபோன சூல்கள். காட்டு வாழையில் கல் மாதிரி விதைகள் இருக்கும். நம் வாழை வளர்வது பக்கக் கன்றில். வீட்டில் அடுத்த முறை வாழைப்பூ ஆயும்போது, அம்மா உருவிப் போடுகிற, தலை உருண்ட நரம்பை ஒன்று எடுத்து வரச் சொல்லுங்கள். சமையலுக்கு ஆகாத அந்தக் 'கள்ளன்'தான் சூல்தண்டும் சூல்முடியும்.