மூடில்ல பாடம் போடுறதுக்கு முன்னால இத ஒருக்கா வாசிங்க

மூடில்னா காலேஜ் பாடத்த பிள்ளைங்களுக்கு நெட்டுல போட்டு வைக்குற சாஃப்ட்வேர். வாரத்துக்கு ரெண்டு பேராவது எனக்க மேசைக்கு வந்து "மூடில்ல பாடம் போட்டேன், ஃபோன்ல பாத்தா அலங்கோலமா கெடக்கு"ன்னு சொல்லுதாவ. மார்த்தாண்டம் பக்கம் ஒரு காலேஜ்ல கிளாஸ் எடுக்குறதோட இந்த கம்ப்யூட்டர் வேலையும் என் தலையிலதான், ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் நோவுது, அதனால எல்லாத்தையும் எழுதிப் போடுதேன்.

மூடில்ல பாடம் அடிக்குற அந்த எடிட்டர் பெட்டி பாக்க வேர்டு மாதிரி இருக்கும், ஆனா வேர்டு இல்ல, பாதி தொல்லை அங்கதான் தொடங்குது. வேர்டுல அடிக்குறது பேப்பருக்கு, இங்க அடிக்குறது பஸ்ல தொங்கிக்கிட்டே பிள்ளைங்க பாக்குற ஃபோன் ஸ்கிரீனுக்கு. வேர்டுலேந்து காப்பி பண்ணி கன்ட்ரோல் வி அடிச்சா எழுத்து மட்டும் வராது, ஃபான்ட், சைஸ், கலர், இடைவெளின்னு மூட்ட முடிச்சோட வரும், கொஞ்சத்த மூடிலே கழிச்சு விடும், மிச்சம் ஒட்டிக்கிடும்.

சும்மா சொல்லல. ஒரு சார் போட்டிருந்த வரி இது: மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-ல் கட்டப்பட்டது. ஒரே ஒரு வரி. சோர்ஸ் கோட, அதாவது அந்த வரிக்கு உள்ளுக்க இருக்குற குறியள தொறந்து பாத்தா தமிழ் எழுத்துக்கு லதா ஃபான்ட்டுன்னு ஒரு ஸ்பான் (இந்தத் துண்டுக்கு இந்த ஃபான்ட்டுன்னு சொல்லுற குறி), 1966-க்கு டைம்ஸ் நியூ ரோமன்னு தனியா ஒரு ஸ்பான், திரும்ப ‘ல்’லுக்கு லதா, எல்லாத்துலயும் சைஸ் வேற வேற. ஃபோன்ல அந்த வருஷம் மட்டும் குட்டியா ஓரத்துல ஒட்டுன மாதிரி நிக்கும். அவரு மூணு தடவ சைஸ் மாத்திப் பாத்துருக்காரு, மாத்த மாத்த இன்னும் ரெண்டு ஸ்பான் கூடிச்சே தவிர சரியாகல.

அதனால ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூணையும் சேத்து அடிங்க, எழுத்து மட்டும் வரும். முன்னமே ஒட்டியாச்சுன்னா எல்லாத்தையும் செலக்ட் பண்ணி கிளியர் ஃபார்மேட்டிங் குடுங்க. அது எங்க இருக்குன்னா, உங்க எடிட்டருக்கு மேல எடிட், வியூ, இன்சர்ட்னு மெனு வந்தா அது டைனிஎம்சிஇங்குற எடிட்டர், 2023-ல வந்த மூடில் 4.2-லேந்து அதுதான் டிஃபால்ட்டு, அதுல ஃபார்மேட் மெனுவுக்குள்ள கெடக்கும். மெனு இல்லாம வெறும் ஐக்கான் மட்டும்னா பழைய அட்டோ எடிட்டர். அட்டோல மொத ஐக்கான் கீழ பாத்த அம்புக்குறி மாதிரி இருக்கும், அத அமுக்குனாதான் மிச்ச ஐக்கான் வரிசையெல்லாம் விரியும். ரெண்டு வருஷமா அத அமுக்காமலே பாடம் போட்ட டீச்சர் எனக்குத் தெரியும்.

தலைப்புக்கு போல்டு அடிச்சு சைஸ கூட்டாதீங்க, இத நான் கொஞ்சம் கடுமையாவே சொல்லுதேன். பெரிய தலைப்பு, நடுத்தரம், சிறுசுன்னு ஹெட்டிங்குக்கு தனியா ஸ்டைல் இருக்கு, அத குடுங்க. எனக்க கிளாஸ்ல கண்ணு தெரியாத பையன் ஒருத்தன் உண்டு, ஃபோன் ஸ்கிரீன்ல உள்ளத வாசிச்சுச் சொல்லுற டாக்பேக் போட்டுத்தான் பாடம் கேக்கான். ஹெட்டிங்கா குடுத்தா தலைப்பு தலைப்பா தாவிப் போயிருவான், போல்டா குடுத்தா மொத்தப் பாடத்தையும் மொதல்லேந்து கேக்கணும். "சார், நீங்க போட்டதுல எனக்கு தலைப்பே இல்ல"ன்னு அவன் சொன்னதுக்கப்புறந்தான் எனக்கே உறைச்சுது.

படம் போடும்போது விவரம் கேக்கும், அதுக்கும் இதேதான். ‘படம்1’ன்னு அடிச்சு ஒப்பேத்துறதுக்கு ‘பறளியாத்துக்கு மேல தூண்மேல போற தொட்டிப்பாலம், கீழேந்து எடுத்தது’ன்னு அடிச்சா அவனுக்கும் கண்ணு முன்னால பாலம் வரும்லா. சும்மா அழகுக்குப் போட்ட பூ, பார்டர்னா அலங்காரம்தான்னு டிக் பண்ணிட்டு விட்ருங்க.

பழைய நோட்ஸ் பாமினி, வானவில் மாதிரி பழைய தமிழ் ஃபான்ட்டுல இருந்தா நேரா ஒட்டவே ஒட்டாதீங்க, இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா குப்ப மாதிரி வரும், ஏன்னா அதுல உள்ளுக்க இருக்குறது இங்கிலீஷ் எழுத்துதான், ஃபான்ட்டுதான் அத தமிழா காட்டுது. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒண்ணுல எந்த ஃபோன்லயும் தமிழாவே தெரியுற யூனிகோடுக்கு மாத்திட்டு, ஒருக்கா வாசிச்சுப் பாத்து ஒட்டுங்க. கொம்பும் காலும் சில இடத்துல எடம் மாறிக் கெடக்கும்.

அடுத்தது கரண்டு. நம்ம ஜில்லாவுக்கு தென்மேற்குலயும் மழ, வடகிழக்குலயும் மழ, மின்னல் வெட்டுனா கரண்டும் நெட்டும் சேந்து போகும். எடிட்டர் அப்பப்ப டிராஃப்ட் சேவ் பண்ணும், திரும்ப அதே பக்கத்த தொறந்தா பெரும்பாலும் வந்துரும், ஆனா நெட்டே இல்லாதப்ப அடிச்சது எங்கயும் போயிருக்காது. இன்னொண்ணு, ரொம்ப நேரம் சும்மா விட்டுட்டு வந்து சேவ் அமுக்குனா லாகின் பக்கம் வந்து நிக்கும். ஒரு அய்ப்பசி மாசம் ரெண்டு மணி நேரம் அடிச்சத அந்தச் சவத்துக்கு பறிகுடுத்தேன், அன்னைலேந்து நீளமான பாடம்னா நோட்பேடுல அடிச்சு வச்சுட்டுத்தான் இங்க ஒட்டுதேன். நோட்பேடுன்னா ஃபான்ட் தொல்லையும் கூட வராது, கேட்டியளா.

மிச்சம் சில்லறதான். பத்தி பிரிய எண்டர், பத்தி பிரியாம அடுத்த வரிக்குப் போக ஷிஃப்ட் எண்டர். லிங்க் குடுக்கும்போது முழு நீள அட்ரஸ ஒட்டாம நாலு வார்த்தைய செலக்ட் பண்ணி அதுமேல குடுங்க. மைக் ஐக்கான்ல பேசியும் போடலாம், அட்மின் மாத்தலேன்னா ரெண்டு நிமிஷத்துல தானா நின்னுரும், அதனால பேசப் போறத முன்னமே ஒருக்கா சொல்லிப் பாத்துக்கிடுங்க. டேபிள்ல நெட்டு வரிச மூணுக்கு மேல போனா ஃபோன்ல சைடுல தள்ளித் தள்ளித்தான் பாக்கணும், பாதியா ஒடச்சுப் போடுங்க.

சேவ் பண்ணுன ஒடனே சிஸ்டத்த மூடாதீங்க, உங்க ஃபோன்ல மூடில் ஆப்ப தொறந்து அதே பாடத்த மேலேந்து கீழ வர ஒருக்கா தள்ளிப் பாருங்க. அந்த சார் அப்படித்தான் 1966 சரியா வந்துட்டான்னு பாத்துட்டு எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புனாரு, கூடவே நேந்திரங்கா சிப்ஸ் ஒரு பாக்கெட்டு.