அல்சூர் மொட்டை மாடியிலிருந்து மாஜினஸ் பள்ளத்தைப் பிடிப்பது எப்படி

அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் ஆகாது என்று அம்மா சொல்வார், ஆனால் நிலாவின் மாஜினஸைப் பார்க்க வளர்பிறை நவமியைவிட நல்ல நாள் கிடையாது. அன்றுதான் பகலும் இருளும் சந்திக்கும் கோடு அதன் மேல் வந்து நிற்கும், சாய்வெயிலில் நிழல்கள் நீண்டு விழும்.

பெங்களூரின் தெருவிளக்கு வெளிச்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், நிலாவுக்கு அது பொருட்டே இல்லை. ஜூன், ஜூலை மேகம்தான் தொல்லை, ஜனவரி, பிப்ரவரி அருமை. சின்ன டெலஸ்கோப்பை அரைமணி நேரம் முன்பே மாடியில் வைத்து ஆறவிட்டு, நூறு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள்.

முதலில் நிலாவின் தெற்கில் டைக்கோ என்ற பள்ளத்தைத் தேடுங்கள். 85 கிலோமீட்டர் அகலம், விளிம்பு புதுப் பாத்திரம் போலக் கூர்மை. அதன் தென்கிழக்கில், ஏறக்குறைய இரு மடங்கு பெரிதாக, சுவரெல்லாம் சின்னப் பள்ளங்கள் குத்திச் சிதைந்த ஒன்று தெரிகிறதா? அதுதான் மாஜினஸ். டைக்கோ இன்னும் இருட்டில் இருந்தால் தசமி வரை பொறுங்கள். சில டெலஸ்கோப்பில் படம் தலைகீழாக வரும், வடக்கில் தேடி நான் ஒரு மணி நேரம் வீணாக்கியிருக்கிறேன்.

அப்புறம் பௌர்ணமியன்றும் ஒருமுறை பாருங்கள். நிழலே இருக்காது, டைக்கோவின் வெள்ளைக் கதிர்கள் மேலே பரவிக் கிடக்கும், அவ்வளவு பெரிய மாஜினஸ் காணாமல் போயிருக்கும்.