கீசர் டேங்க் உள்ளே துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கீசரில் காயில் போனால் மாற்றலாம். தெர்மோஸ்டாட் போனாலும் மாற்றலாம். டேங்க் துருப்பிடித்து ஓட்டையானால் மட்டும் "புதுசு வாங்கிடுங்க" என்பதுதான் மெக்கானிக் சொல்லும் பதில். அந்த நாளைத் தள்ளிப்போடுவது உள்ளே இருக்கும் ஒரு மெக்னீசியம் ராடு. ஆனோடு ராடு என்றும் கடையில் கேட்கலாம். காயிலுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நாம் இதற்குக் காட்டுவதில்லை.

பல கீசர்களில் டேங்க் எஃகால் ஆனது, உள்ளே கண்ணாடிப் பூச்சு இருக்கும். பூச்சில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் அங்கே தண்ணீர் எஃகைத் தொட்டுவிடும். மெக்னீசியம் இரும்பைவிடச் சுலபமாக அரிபடும் உலோகம். இரண்டும் தொடர்போடு ஒரே தண்ணீரில் இருந்தால் மெக்னீசியம் கரையும், எஃகு தப்பிக்கும். 1824-ல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகடுகளை இரும்பு, துத்தநாகத் துண்டுகள் வைத்துக் காப்பாற்றியதும் இப்படித்தான். (செம்பு அரிக்கவில்லை, ஆனால் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்தது.) ராடு முழுக்கக் கரைந்த பிறகு அரிப்பு டேங்க் மேல் திரும்பும். உப்பு அதிகமான போர்வெல் தண்ணீரில் இது சீக்கிரமே நடக்கும்.

வாரண்டி இருந்தால் நீங்கள் திறக்காதீர்கள், சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர்களில் பொதுவாக இந்த ராடு இருக்காது. கீழே சொல்வது சுவரில் செங்குத்தாக மாட்டும் ஸ்டோரேஜ் கீசருக்கு.

படி 1: சுவிட்சை அணைத்தால் போதாது, எம்.சி.பி.யையும் (மின்பெட்டியில் இருக்கும் பிரேக்கர் சுவிட்ச்) இறக்குங்கள். தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். அடி மூடியைக் கழற்றியதும் ஒயர் முனைகளை டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். மின்வேலை பழக்கமில்லை என்றால் ஓர் எலெக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: தண்ணீர் வரும் வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுங்கள். டேங்க் இதனால் மட்டும் காலியாகாது. இன்லெட் பக்கம் கழற்றினால்தான் இறங்கும். அங்கே இருக்கும் சேஃப்டி வால்வு தண்ணீரைத் திரும்ப விடாது என்பதால், அதையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

படி 3: ஒயர்களை ஒரு போட்டோ எடுத்துவிட்டுப் பிரியுங்கள். அடித்தகட்டின் நட்டுகளைக் கழற்றினால் காயிலும் ராடும் அதோடு சேர்ந்து வரும். மிச்சத் தண்ணீரும் கொட்டும், வாளி வையுங்கள்.

படி 4: முக்கியமான இடம் இதுதான். ராடின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள். தடிமன் பாதிக்குக் கீழே போயிருந்தாலோ, நடுவிலுள்ள கம்பி தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். மரை அளவு மாடலுக்கு மாடல் மாறும், அதனால் பழையதைக் கையோடு கொண்டுபோய் வாங்குங்கள். காயிலில் உப்புப் படிந்திருந்தால் வினிகரில் ஊற வையுங்கள். ஒயர் மாட்டும் முனைகள் மட்டும் நனையக் கூடாது. டேங்க் உள்ளே இருக்கும் உப்பைக் கையால் அள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பூச்சு போய்விடும். பாத்ரூம் ஆசிட் பக்கம் போகவே வேண்டாம்.

படி 5: புது ராடை இறுக்கமாக முடுக்குங்கள். அதன் மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். ராடும் டேங்கும் உலோகத்தோடு உலோகமாகத் தொட்டால்தான் பாதுகாப்பு கிடைக்கும். அடித்தகட்டில் ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட்டும் புதிதாகப் போடுங்கள், பழையதை நம்பினால் ஒழுகும். அப்புறம் நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

படி 6: ஒயர்களைப் போட்டோவில் இருப்பதுபோல மாட்டி, எர்த் ஒயரைச் சரிபாருங்கள். தண்ணீரைத் திறந்து, சுடுதண்ணீர்க் குழாயில் காற்றில்லாமல் சீராக வரும்வரை விடுங்கள். ஒழுக்கு இல்லையென்றால் மூடியை மாட்டிவிட்டு எம்.சி.பி.யைப் போடலாம். காலி டேங்கில் கரண்ட் கொடுத்தால் காயில் கருகிவிடும்.

சூடு ஏற ஏற அரிப்பும் உப்புப் படிவதும் கூடும், அதனால் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ராடைப் பாருங்கள், போர் தண்ணீர் என்றால் ஆறு மாதத்தில். வாட்டர் சாஃப்டனர் வைத்திருப்பவர்களும் அப்படியே செய்யுங்கள்: உப்புப் படிவது குறையும், ராடு கரைவது குறையாது, பெரும்பாலும் கூடவே செய்யும்.

சுடுதண்ணீரில் அழுகிய முட்டை வாடை வந்தால், தண்ணீரிலுள்ள சில பாக்டீரியாக்கள் மெக்னீசிய ராடோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்குகின்றன என்று சந்தேகப்படலாம். அதற்காக ராடையே எடுத்துவிடாதீர்கள். அலுமினியம்-துத்தநாக ராடு கேட்டு வாங்கிப் போடுங்கள்.