வாளித் தண்ணீரில் ரெனால்ட்ஸ் சோதனை: சாயக்கோடு எப்போது உடைகிறது?

அக்கா மகள் படிவம் 5 படிக்கிறாள். அவளுடைய அறிவியல் கண்காட்சிக்காக மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் தொடங்கிய வேலை இது. குழாய்க்குள் நேராக ஓடும் தண்ணீர் எந்த இடத்தில் கலங்கத் தொடங்குகிறது என்பதை 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுக் காட்டினார். அதை வீட்டிலேயே செய்யலாம்.

தேவையானவை: 60 லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டி, 12 மில்லிமீட்டர் உள்விட்டமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள அக்ரிலிக் குழாய், ஒரு வால்வு, மருந்தகத்தில் கிடைக்கும் ட்ரிப் செட் (நோயாளிக்கு ஊசிவழி மருந்துநீர் ஏற்றும் மெல்லிய குழாய்), இரண்டு 500 மில்லி போத்தல்கள். தொட்டியில் துளை போட்டு, ரப்பர் வளையம் மாட்டி, குழாயைப் படுக்கைவாட்டில் பொருத்துங்கள்.

சுருட்டி விற்கும் ஹோஸை வாங்கவே வாங்காதீர்கள். வளைவில் நீர் குறுக்கே சுழலும், சாயம் கலையும், கொந்தளிப்பு வந்துவிட்டதென்று நினைத்து ஏமாறுவீர்கள். நேரான, விறைப்பான குழாய்தான் வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் அதன் வாயில் ஒரு போத்தலின் மேல்பாகத்தை வெட்டிப் புனல்போல ஒட்டுங்கள், நீர் வழுக்கிக்கொண்டு நுழையும். வால்வு கடைசி முனையில் இருக்கட்டும். முன்னால் வைத்தால் அதுவே நீரைக் கலக்கிவிடும்.

அடுத்தது சாயம். முதலில் ரோஸ் சீராப்பை விட்டோம். சர்க்கரை கனம், அது குழாயின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அப்புறம் தொட்டித் தண்ணீரையே கொஞ்சம் எடுத்து, அதில் சாப்பாட்டுக்குப் போடும் நீலச் சாயத்தைக் கரைத்ததும் சரியாகிவிட்டது. ஊசி முனை புனலின் நடுவில் நிற்க வேண்டும். சிரிஞ்சால் அழுத்தினால் சாயம் பீய்ச்சிக்கொண்டு வந்து தானே உடையும். ட்ரிப் செட்டின் உருளையைத் திருகி மெல்ல இழைய விடுவதுதான் நல்லது.

இனி நாங்கள் இரண்டு வாரம் மாட்டிக்கொண்ட இடம். ஹோஸால் தொட்டியை நிரப்பி உடனே திறந்தோம். மிக மெதுவாக ஓடும்போதே சாயம் நெளிந்தது. அரை மணி நேரம் காத்திருந்தும் அதே கதைதான். குழாயில் கோளாறு என்று அதைக் கழற்றிக் கழற்றி மாட்டினோம். கோளாறு தொட்டியில் இருந்தது. நிரப்பியபோது கிளம்பிய சுழல்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தன. போதாததற்கு ஒரு பக்கம் வெயில் பட்டு, சூடான நீர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரவே நிரப்பி, மூடி, மேலே ஈரச்சாக்கு போட்டு, காலை ஏழு மணிக்குத் திறந்தோம். நீல நூலைக் குழாய்க்குள் இழுத்துக் கட்டியதுபோல ஒன்றரை மீட்டரும் ஒரே கோடு! அவள் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். சோதனை நடக்கும்போது தண்ணீர் சேர்க்கவே கூடாது.

இப்போது அளவு. ரெனால்ட்ஸ் எண் என்பது வேகத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் இயக்கப் பாகுநிலையால் (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்பை அடர்த்தியால் வகுத்த அளவு) வகுத்தால் வருவது. நம் ஊர் 30 டிகிரி தண்ணீருக்கும் 12 மில்லிமீட்டர் குழாய்க்கும் குறுக்குவழி உண்டு: 500 மில்லி போத்தல் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதோ, அதால் 66,000ஐ வகுங்கள். 60 விநாடி என்றால் 1,100. 33 விநாடி என்றால் 2,000.

வால்வைத் துளித்துளியாகத் திறங்கள். 2,000ஐத் தாண்டியபின் நீலக்கோட்டின் நடுவே திடீரென ஒரு கலங்கல் முளைத்து, உருண்டபடி வெளியே போகும். பின்னால் மறுபடியும் நேர்கோடு. ரெனால்ட்ஸும் இந்தப் பளிச்சிடல்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இந்தக் கலங்கல்களை மிக நீளமான குழாயில் பின்தொடர்ந்தது. ஏறக்குறைய 2,040க்குக் கீழே அவை பெருகுவதற்குள் செத்துவிடுகின்றன. அதற்கு மேலே, சாவதற்குள் இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன.

வேகம் கூடினால் ஓட்டம் தானாக உடையும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேர்க்குழாயில் மிகமிகச் சின்னத் தொந்தரவு எந்த வேகத்திலும் அடங்கிவிடுகிறது என்றுதான் இதுவரை செய்த கணக்குகள் காட்டுகின்றன. உடைவதற்கு ஓரளவு பெரிய உதறல் வேண்டும். வேகம் கூடக்கூட, அதற்குத் தேவையான உதறல் சிறிதாகிக்கொண்டே போகும். நீரை நன்றாக அடங்க விட்டு ரெனால்ட்ஸ் 12,000க்கு மேல் போனார். அவருடைய கருவி இன்றும் மான்செஸ்டரில் இருக்கிறது. ஆனால் இன்றைய சாலைப் போக்குவரத்தின் அதிர்வில், அவர் தொட்ட எண்ணை அதில் எட்ட முடிவதில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. காரணம், 22 விநாடியில், அதாவது 3,000இல், எங்கள் கோடு நேராக நின்றுகொண்டிருந்தபோதுதான் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வாசலைத் தாண்டிப் போனது. தொட்டி லேசாக அதிர்ந்தது. கோடு சிதறிவிட்டது.

பின்சேர்ப்பு: கேமரன் மலையிலிருந்து ஒருவர், எண் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். அங்கே தண்ணீர் குளிர்ச்சி, பாகுநிலை கூடுதல். 20 டிகிரிக்கு 66,000க்குப் பதில் 53,000 போடுங்கள். தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்துவிட்டே கணக்குப் போடுங்கள்.

இன்னொருவர் லாரி இல்லாமல் எப்படிக் காட்டுவது என்று கேட்டார். கரண்டிக் காம்பால் தொட்டியை ஒரு தட்டு தட்டுங்கள். 44 விநாடி ஓட்டத்தில் கோடு நெளிந்து, மெலிந்து, நீண்டு அடங்கிப் போகும். 25 விநாடியில் அதே தட்டு, கொதிக்கும் கலங்கலாகக் கடைசி முனைவரை போகும். கண்காட்சியில் அவள் இதைத்தான் செய்து காட்டினாள், கரண்டியை வரிசையில் நின்ற பிள்ளைகள் கையில் கொடுத்து.