டிரிப் ஆகும் எம்.சி.பி.யை ஏன் திரும்பத் திரும்பத் தூக்கிவிடக் கூடாது

வீட்டில் கரண்ட் பட்டென்று போகும். போர்டைத் திறந்தால் ஒரு எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து கிடக்கும். தூக்கிவிடுவோம், மறுபடி விழும், மறுபடி தூக்குவோம். பலர் செய்யும் முதல் தவறு இதுதான். உள்ளே ஷார்ட் இருந்தால் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பழுதான இடத்தில் தீப்பொறி பறக்கிறது, எம்.சி.பி.யின் முனைகளும் தேய்கின்றன. ஒருமுறை தூக்கிப் பார்ப்பதில் தப்பில்லை. அதற்கும் முன்னால் அந்த லைனில் இருக்கும் எல்லா பிளக்கையும் உருவிவிடுங்கள். லீவர் பாதியில் நின்றிருந்தால் முழுக்கக் கீழே தள்ளிய பிறகுதான் மேலே போகும். லீவரை டேப் ஒட்டி நிறுத்திவைத்தும் பயனில்லை, உள்ளே இருக்கும் பொறி தன் வேலையைச் செய்துவிடும்.

இரண்டாவது தவறு, எப்போது விழுந்தது என்பதைக் கவனிக்காமல் விடுவது. பாதித் துப்பு அந்த நேரத்தில்தான் இருக்கிறது. எம்.சி.பி.க்குள் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, சூடானால் வளையும் இரட்டை உலோகத் தகடு. அது நிதானமாக வேலை செய்யும். இன்னொன்று காந்தச் சுருள். ஷார்ட் ஆனால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதனால் தூக்கியதுமே விழுந்தால் ஷார்ட்டைச் சந்தேகியுங்கள். கால் மணி, அரை மணி ஓடிய பிறகு விழுந்தால் ஓவர்லோடு.

230 வோல்ட்டில் 2000 வாட் வாட்டர் ஹீட்டர் ஒன்று ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதே அளவில் ஒரு கெட்டில், கூடவே 1000 வாட் அயர்ன் பாக்ஸ் என்று ஒரே லைனில் சேர்ந்தால் 21 ஆம்பியரைத் தாண்டிவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு உடனே விழாது, கொஞ்ச நேரம் தாங்கிவிட்டுத்தான் விழும். "நேற்று வரை நன்றாகத்தானே ஓடியது" என்று குழம்புவது இதனால்தான். விழுந்த சூட்டோடு தூக்கினாலும் நிற்காது, தகடு ஆற ஓரிரு நிமிடம் வேண்டும்.

தூக்கியதுமே விழுந்தால் ஷார்ட் என்ற கணக்குக்கு மோட்டார் ஒரு விதிவிலக்கு. கிளம்பும் நொடியில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 'பி' (B) வகை எம்.சி.பி. தன் ஆம்பியர் அளவின் 3 முதல் 5 மடங்கிலேயே விழுந்துவிடும், 'சி' (C) வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். மோட்டார் லைனில் 'பி' வகையைப் போட்டுவிட்டு ஷார்ட்டைத் தேடி அலைவது வீண் வேலை.

இனி எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு: 16 விழுகிறதே என்று 32 ஆம்பியர் வாங்கி மாட்டுவது. விழுவது நின்றுவிடும், உண்மைதான். ஆனால் எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் கம்பியை, உங்கள் மிக்ஸியை அல்ல. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு 10 அல்லது 16 ஆம்பியர்தான் வழக்கமான காவல். அங்கே 32 போட்டால், கம்பியின் உறை உருகினாலும் எம்.சி.பி. அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

விழுந்தது எம்.சி.பி.யா, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யா என்று பார்க்காமல் விடுவதும் நடக்கிறது. 'T' என்று எழுதிய டெஸ்ட் பட்டன் இருந்தால் அது பெரும்பாலும் ஆர்.சி.சி.பி. பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் துண்டித்துவிடும். இங்கே லோடைக் குறைத்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை, கசிவைத்தான் தேட வேண்டும்: வாட்டர் ஹீட்டரின் காயில், ஈரம் இறங்கிய வெளிவிளக்கு, எலி கடித்த ஒயர். மழைக்குப் பிறகு மட்டும் விழுந்தால் வீட்டுக்கு வெளியே தொடங்குங்கள்.

கசிவைத் தேடும்போது எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, "இந்த மெஷினில் ஒன்றுமில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவோம். பல சுவிட்சுகள் பேஸை மட்டுமே துண்டிக்கும். மெஷினுக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், சுவிட்ச் அணைந்திருந்தும் ஆர்.சி.சி.பி. விழும். பிளக்கை உருவுங்கள். எல்லாவற்றையும் உருவி, ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி, ஒவ்வொன்றாக மாட்டினால் எதை மாட்டும்போது விழுகிறது என்று தெரிந்துவிடும். எதை மாட்டினாலும் தனியாக விழாமல் எல்லாம் சேரும்போது விழுந்தால், சின்னச் சின்னக் கசிவுகள் கூடிக்கொண்டிருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 15க்கு மேல் எங்கும் விழ ஆர்.சி.சி.பி.க்கு அனுமதி உண்டு.

தொல்லை தாங்காமல் ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்து நேராக இணைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். எம்.சி.பி. இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். உடம்பு வழியாகப் பாயும் உயிர்பறிக்கும் கரண்ட் எம்.சி.பி.யின் கணக்கிலேயே வராது.

எல்லா பிளக்கையும் உருவிய பிறகும் விழுந்தால் கோளாறு ஒயரிங்கில் இருக்கலாம், போர்டிலும் இருக்கலாம். எம்.சி.பி. தொட்டால் சுடுகிறது, கருகிய வாடை வருகிறது என்றால் ஸ்குரூ லூசாக இருக்கக்கூடும். அந்தச் சூட்டிலேயே, லோடு குறைவாக இருந்தாலும் அது விழும். அங்கே டெஸ்டரோடு கையை விடாதீர்கள். மெயினை அணைத்தாலும் அதற்கு முந்தைய முனையில் கரண்ட் இருக்கும். மெகர் (ஒயரின் உறையில் கசிவு உண்டா என்று சோதிக்கும் கருவி) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எந்த எம்.சி.பி., எத்தனை நிமிடத்தில், எது ஓடும்போது விழுந்தது என்று சொல்லுங்கள். அவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.