படத்தில் துளை தெரிந்தால் போதாது: எம்ஓஎஃப் ஆராய்ச்சியில் முதல் ஆறு மாதம்

எம்ஓஎஃப் எனப்படும் உலோக-கரிமச் சட்டகங்களுக்காக 2025 வேதியியல் நோபலை சுசுமு கிதகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் கொடுத்ததிலிருந்து "எம்ஓஎஃப்பில் பிஎச்டி பண்ணலாமா?" என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பண்ணலாம். கட்டட வேலைக்குச் சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் முடிந்து சாரம் கட்டுவார்களே, அதே வேலைதான். முடிச்சு இருக்கும் இடத்தில் உலோக அயனி, கம்பு இருக்கும் இடத்தில் கரிம மூலக்கூறு. நடுவில் கிடைக்கிற காலி இடத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

சேர்ந்த புதிதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பல மாதம் மிச்சமாகும். படிகத்தின் அமைப்புப் படத்தில் துளை தெரிவது வேறு, அந்தத் துளைக்குள் வாயு போய்வருவது வேறு. ராப்சன் மெல்போர்னில் 1974-இல் வகுப்புக்காக மரப்பந்து மாதிரிகள் செய்யச் சொன்னபோது, பந்தில் ஓட்டை போடும் இடத்திலேயே முழு அமைப்பும் ஒளிந்திருக்கிறது என்று கவனித்தார். அதை வைத்து 1989-இல் செம்பு அயனியையும் நான்கு கை உள்ள மூலக்கூறையும் சேர்த்து வைர அமைப்பில் படிகம் கட்டினார். படம் அழகாக வந்தது, ஆனால் அந்த வகைப் படிகங்கள் லேசில் இடிந்துவிடும். கிதகாவா 1997-இல் காட்டியதுதான் உள்ளே இருந்த தண்ணீரை எடுத்த பிறகும் நிற்கிற, வாயுவை வாங்கித் திருப்பிக் கொடுக்கிற சட்டகம். அடுத்து 1999-இல் யாகியின் எம்ஓஎஃப்-5, காலியாக 300 டிகிரி வரை சூடாக்கினாலும் நின்றது. அமைப்பைப் படமாகக் காட்டுவது, துளையைக் காலி செய்து வாயு போய்வருவதைக் காட்டுவது என்ற இந்த இரண்டு படியையும் நீங்களும் ஏறியாக வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் நாளே புது லிகாண்ட் (கம்பாக நிற்கிற அந்தக் கரிம மூலக்கூறு) வடிவமைக்க உட்காராதீர்கள். தெரிந்த பொருள் ஒன்றைச் செய்து கையைப் பழக்குங்கள். என் சிபாரிசு எச்கேயுஎஸ்டி-1 என்ற செம்பு எம்ஓஎஃப், ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கியது. செம்பு நைட்ரேட் டிரைஹைட்ரேட் 0.435 கிராம், டிரைமெசிக் அமிலம் 0.210 கிராம், எத்தனாலும் தண்ணீரும் சரிபாதியாக மொத்தம் 12 மில்லி. அரை மணி கலக்கி, 23 மில்லி டெஃப்லான் குடுவை உள்ள ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய எஃகுக் கலம்) ஊற்றி ஓவனில் வைத்தால் 12 மணி நேரம். 1999-இல் வந்த மூலக் கட்டுரையில் 180 டிகிரி என்று இருக்கும். அந்தச் சூட்டில் செம்பு அயனி எலக்ட்ரான் ஏற்று ஒடுக்கமடைந்து, செந்நிறத் தூளாகக் குப்ரஸ் ஆக்சைடு கூடவே வரும், அதனால் 120-இல் வையுங்கள். ஆட்டோகிளேவை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், அப்புறம் சூடாக இருக்கும்போது திறக்கவே வேண்டாம். ஓவனை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். நிதானமாக ஆறினால் படிகமும் நன்றாக வரும், உங்கள் விரலும் பத்திரமாக இருக்கும்.

காலையில் அடியில் நீலப்பச்சையாக எண்முகப் படிகங்கள் மின்னும். வடிகட்டிக் காயவைக்க மனசு துடிக்கும். நிறுத்துங்கள். சிங்கிள் கிரிஸ்டலுக்கு, அதாவது ஒற்றைப் படிகத்தை எக்ஸ்-கதிரில் வைத்து அமைப்பைக் கண்டுபிடிக்கும் அளவீட்டுக்கு, போகவேண்டியது வளர்ந்த கரைசலிலேயே இருக்கட்டும், ஏனென்றால் துளைக்குள் இருக்கிற கரைப்பான் வெளியேறும்போது எத்தனையோ படிகங்கள் விரிசல் விட்டு மங்கிவிடுகின்றன. சொட்டுமருந்துக் குழாயால் எடுத்து நேராக எண்ணெய்த் துளியில் போட்டு, அங்கேயே மைக்ரோஸ்கோப்பில் தேர்ந்தெடுத்து, லூப் என்ற சின்ன வளையத்தில் ஏந்தி, 100 கெல்வின் நைட்ரஜன் காற்றோட்டத்தில் நிறுத்துவது வழக்கம்.

இங்கே ஒரு பொறி உண்டு. மைக்ரோஸ்கோப்பில் போலரைசர்களுக்கு (ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் வடிப்பான்கள்) நடுவே வைத்துத் திருப்பினால் நல்ல படிகம் ஒளிர்ந்து அணையும் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எச்கேயுஎஸ்டி-1 கனசதுரத் தொகுதியைச் சேர்ந்தது, எப்படித் திருப்பினாலும் இருட்டாகவே இருக்கும். அது தெரியாமல் ஒரு மதியம் முழுக்க நல்ல படிகங்களையே மோசமென்று தள்ளிவிட்ட ஆள் நான்.

பவுடர் எக்ஸ்ஆர்டிக்கு (தூளில் எக்ஸ்-கதிர் எந்தெந்தக் கோணத்தில் சிதறுகிறது என்று பார்க்கும் சோதனை) ஸாம்பிள் கொடுக்கும்போது படிவத்தில் தொடக்கக் கோணத்தை நீங்களே எழுதுங்கள். அலகுக் கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைப் பெட்டி, பெரிதாக இருந்தால் கோடுகள் தாழ்ந்த கோணத்தில் வரும், இது பிராக் விதியிலிருந்தே தெரியும். செம்பு எக்ஸ்-கதிரில் எச்கேயுஎஸ்டி-1-இன் முதல் கோடுகள் 6.7, 9.5, 11.6 டிகிரி அருகே. ஸிஃப்-8 என்ற இன்னொரு எம்ஓஎஃப்புக்கு மிக வலுவான கோடே 7.3-இல். எனக்கு முதல் தடவை 10 டிகிரியிலிருந்து ஓட்டிக் கொடுத்தார்கள், முக்கியமான கோடு காணோம் என்று ஒரு வாரம் மறுபடி மறுபடி தயாரித்துக்கொண்டிருந்தேன். 5-இலிருந்து, முடிந்தால் 3-இலிருந்து கேளுங்கள். ஒப்பிடுவதற்கு மெர்க்குரி என்ற மென்பொருளில் சிஐஎஃப் கோப்பை (படிக அமைப்பைப் பதிந்துவைக்கும் கோப்பு)த் திறந்தால் கணக்கிட்ட பவுடர் கோலம் வந்துவிடும், இலவசப் பதிப்பே போதும். உங்கள் கோலத்தில் அதில் இல்லாத ஒரு கோடு இருந்தால் அது "ஏதோ நாய்ஸ்" இல்லை, கலப்படம். இரைச்சல் ஒரே இடத்தில் கூர்மையாக எழும்பாது.

அமைப்பைத் தீர்க்கும்போது துளைக்குள் இருக்கும் கரைப்பான் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் கிடந்து உயிரை வாங்கும். பிளாட்டன் என்ற மென்பொருளில் உள்ள ஸ்க்வீஸ் என்ற வசதி அந்த எலக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிலிருந்து கழித்துவிடும், ஆர் மதிப்பு (நம் மாதிரிக்கும் அளந்த டேட்டாவுக்கும் உள்ள வித்தியாசம்) சட்டென்று இறங்கும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் எத்தனை எலக்ட்ரான் கழித்தீர்கள், அது எத்தனை கரைப்பான் மூலக்கூறுக்குச் சமம், டிஜிஏ (சூடாக்கிக்கொண்டே எடை பார்க்கும் கருவி) காட்டும் எடை இழப்போடு ஒத்துப்போகிறதா என்று எழுதி வையுங்கள். கட்டுரையைப் பரிசீலிப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்போது இரண்டாவது படி, அதாவது துளையைக் காலி செய்வது. மொத்தப் படிகத்தையும் மெத்தனாலில் ஊறவைத்து, தினம் ஒரு தடவை புது மெத்தனால் மாற்றி, மூன்று நாள் கழித்து வெற்றிடத்தில் 150 டிகிரியில் ராத்திரி முழுக்க வையுங்கள். நீலப்பச்சை போய் கருநீலம், கிட்டத்தட்ட ஊதா வந்திருக்கும். செம்பில் ஒட்டியிருந்த தண்ணீர் கழன்றதன் அடையாளம் அது. குழாயைத் திறந்து மேசையில் வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பழைய நிறத்துக்கே திரும்பும், சென்னை மாதிரி ஊரில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அதனால் துளையைக் காலி செய்த பிறகு, மூடிய குழாயோடு சேர்த்து எடை எடுங்கள். இதில் சோம்பல் பட்டால் பரப்பளவுக் கணக்கு முழுக்கத் தப்பு.

காலி செய்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதே பொருளே சாட்சி. 1999-இல் இதன் பிஇடி பரப்பு (வாயு உறிஞ்சலிலிருந்து கணக்கிடும் பரப்பளவு) கிராமுக்கு 700 சதுர மீட்டரைத் தொடவில்லை; பிற்பாடு நன்றாகக் கழுவிக் காலி செய்தவர்கள் 1500-க்கு மேல் எடுத்தார்கள். படம் அதே படம்தான்.

77 கெல்வினில் நைட்ரஜன் உறிஞ்சலை அளந்து வந்த வளைகோட்டுக்கு மென்பொருள் தானாக 0.05 முதல் 0.3 வரை ஒப்பு அழுத்த வரம்பு எடுத்துப் பிஇடி போட்டுத் தரும். எம்ஓஎஃப் மாதிரி நுண்துளைப் பொருளுக்கு அது பொருந்தாது, துளைகள் அதற்கு முன்பே நிரம்பிவிடும். இந்த வரம்பைத் தேர்வதற்கென்றே உள்ள ருக்வெரோல் விதிகளின்படி தாழ்ந்த அழுத்தத்தில் வரம்பைத் தேர்ந்தெடுங்கள், பிஇடி சமன்பாட்டின் சி மாறிலி நெகட்டிவாக வந்தால் அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.

கைடைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் கேட்கிறார்கள். ஆய்வகத்தில் எத்தனை பேப்பர் என்று எண்ணுவதைவிட, அங்கே வாயு உறிஞ்சும் கருவி இருக்கிறதா, டிஃப்ராக்டோமீட்டரில் (எக்ஸ்-கதிர்ச் சிதறலை அளக்கும் கருவி) மாணவர்களே உட்கார விடுகிறார்களா என்று கேளுங்கள். டேட்டாவை அனுப்பிவிட்டுப் படம் மட்டும் வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஐந்து வருஷம் இருந்தாலும் படிகவியல் வராது. அது வந்துவிட்டால் எம்ஓஎஃப் மவுசு குறைந்தாலும் கவலையில்லை. ஒரே மருந்து வெவ்வேறு படிக வடிவங்களில் வருவதைப் பிரித்தறிய மருந்து கம்பெனிகளிலும் இதே பவுடர் கோலத்தைத்தான் படிக்கிறார்கள். கருவி இல்லாத கல்லூரியில் இருப்பவர்களுக்கு ஐஐடி மெட்ராஸின் சைஃப் (எல்லோருக்கும் பொதுவான ஆய்வுக்கருவி மையம்) போன்ற மையங்கள் கட்டணத்துக்கு அளந்து தருகின்றன. படிவத்தில் தொடக்கக் கோணத்தை மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.