டிகியூஎம்: பாஸாவது சுலபம், சிக்கல் அங்கேதான்

இன்ஜினியரிங் கல்லூரிகளில் டோட்டல் குவாலிட்டி மேனேஜ்மென்ட் (முழுத் தர மேலாண்மை), சுருக்கமாக டிகியூஎம், என்றாலே ‘கதை பேப்பர்’ என்று ஒரு பெயர் உண்டு. முந்தின நாள் ராத்திரி ஐந்து யூனிட்டையும் ஒரு புரட்டு புரட்டினால் போதும். அமெரிக்கத் தர நிபுணர் டெமிங்கின் 14 கொள்கைகளைச் சொந்த நடையில் நிரப்பினால் 13 மார்க் கேள்வி ஒன்று முடிந்தது. நானும் அப்படித்தான் பாஸானேன். அப்புறம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரப் பிரிவில் சேர்ந்து, இப்போது புதிதாக வருகிறவர்களிடம் கேள்வி கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல மார்க் வாங்கினவர்களும் ஒரே சில இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் இடம் கன்ட்ரோல் சார்ட், அதாவது அளவுகளை நேர வரிசையில் புள்ளியாக வைத்து, மேலும் கீழும் ‘கன்ட்ரோல் லிமிட்’ என்று கோடு போட்ட படம். “கன்ட்ரோல் லிமிட் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டால், “டிராயிங்கில் கொடுத்திருப்பார்கள் சார்” என்கிறார்கள். டிராயிங்கில் இருப்பது வாடிக்கையாளர் கேட்கும் அளவு. கன்ட்ரோல் லிமிட் என்பது மெஷின் தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருப்பதை அளந்து, அதிலிருந்து கணக்கிடுவது. வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்பது மெஷினுக்குத் தெரியாது. 1924 மே மாதம் அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் ஒரு சின்னக் குறிப்பில் இந்தச் சார்ட்டை முதன்முதலில் வரைந்து கொடுத்தபோது, இயல்பாக வரும் ஏற்ற இறக்கம் எது, தேடிப் பிடிக்க வேண்டிய காரணம் உள்ளது எது என்று பிரிப்பதுதான் நோக்கம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஷாஃப்டின் விட்டம் 20 மி.மீ.; 0.05 கூடலாம், குறையலாம். ஐந்து ஐந்தாக எடுத்து அளந்ததில் மொத்தச் சராசரி 20.02, சராசரி ரேஞ்ச் (ஐந்தில் பெரியதுக்கும் சின்னதுக்கும் உள்ள வித்தியாசம்) 0.03 என்று வைத்துக்கொள்வோம். ஐந்துக்கான ஏ2 என்கிற அட்டவணை எண் 0.577. ரேஞ்சோடு பெருக்கினால் 0.0173. ஆக, சராசரிக்கான கன்ட்ரோல் லிமிட்கள் 20.003, 20.037. புள்ளிகள் எல்லாம் இதற்குள் அழகாக ஓடுகின்றன, மேலே 20.05-ஐத் தொடவே இல்லை. மாணவர் ‘பிராசஸ் ஓகே’ என்று எழுதிவிடுகிறார்.

ஆனால் சார்ட்டில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஐந்து ஷாஃப்டின் சராசரி. வாடிக்கையாளர் வண்டியில் மாட்டப்போவது தனி ஷாஃப்ட். ரேஞ்சை, ஐந்துக்கான இன்னொரு அட்டவணை எண் 2.326 ஆல் வகுத்தால் சிக்மா, அதாவது தனி அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பது, சுமார் 0.0129. வாடிக்கையாளரின் மேல் எல்லையான 20.05-க்கும் சராசரிக்கும் நடுவே இருப்பது 0.03, சிக்மா கணக்கில் 2.33 மடங்குதான். நார்மல் அட்டவணையைப் பார்த்தால், நூற்றுக்கு ஒரு ஷாஃப்ட் எல்லையைத் தாண்டும். சிதறலை மட்டும் பார்க்கும் சிபி 1.29 என்று மரியாதையாக வரும், சராசரி எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும் சிபிகே 0.78-இல் படுத்துக் கிடக்கும். பிராசஸ் நிலையாக இருக்கிறது. நிலையாகத் தப்பான இடத்தில் நிற்கிறது. செட்டிங்கை 0.02 கீழே இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தவருக்கு கன்ட்ரோல் லிமிட்டும் வாடிக்கையாளர் எல்லையும் ஜென்மத்துக்கும் குழம்பாது. சாஃப்ட்வேரில் தட்டி, வந்த படத்தை ஒட்டுகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் குழம்பும்.

எண்ணை அப்படியே நம்புவது அடுத்த தவறு. ஒருமுறை பயிற்சிக்கு வந்த இரண்டு மாணவர்களிடம் ஒரே ஷாஃப்டைக் கொடுத்து மைக்ரோமீட்டரால் அளக்கச் சொன்னேன். ஒருவர் அழுத்தம் அளவோடு நிற்க வைக்கும் ராட்செட்டைப் பிடித்து மூன்று ‘டிக்’ கேட்கும் வரை திருப்பினார். இன்னொருவர் பாட்டில் மூடியை இறுக்குகிற மாதிரி சுழலும் உருளையான திம்பிளையே பிடித்து முறுக்கினார். இருவருக்கும் நடுவே ஒரு ‘நூறு’ வித்தியாசம், அதாவது 0.01 மி.மீ. மேலே சொன்ன சிக்மாவுக்குப் பக்கத்தில் இது சின்ன விஷயமா? அளக்கும் கருவியாலும் ஆளாலும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்க்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் என்கிற பாடம் இதற்குத்தான். பரீட்சையில் அதை சாய்ஸில் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு பிரச்சினைக்கான காரணங்களை மீன் முள் மாதிரி கிளை கிளையாக எழுதும் மீன்முள் வரைபடத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் மனசு ஆறாது. ஒரு கல்லூரியில் புராஜெக்ட் வைவாவுக்குப் போயிருந்தேன். மனிதர், மெஷின், மெட்டீரியல், முறை என்று எல்லா முள்ளிலும் நாலு நாலு காரணம், கலர் கலராக. முடிவு: ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’. அந்த லைனில் எத்தனை நாள் நின்றீர்கள் என்றேன். ஒரு நாள், அதுவும் மதியம் வரை. எந்த ஷிஃப்டில் ரிஜெக்‌ஷன் அதிகம் என்று கேட்டேன், பதில் இல்லை. மீன்முள் தருவது சந்தேகப் பட்டியல். அதிலிருந்து ஒன்றைக் குற்றவாளி என்று சொல்ல, தரவைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். டெமிங்கின் 14-ஐ ஒப்பிக்கிறவர்களே கடைசியில் ஆபரேட்டர் தலையில் கட்டுவதுதான் வேடிக்கை. பிழைகளில் பெரும்பங்கு அமைப்பில் இருக்கிறது, ஆளிடம் இல்லை என்று அவர் தொண்டை கிழியச் சொன்னதும் அதே 14-இல்தான் வருகிறது.

தர நிர்வாக முறைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001 பற்றிய கேள்விக்கு ஜெராக்ஸ் கடை நோட்ஸை நம்பவே நம்பாதீர்கள். 1994 பதிப்பின் 20 கூறுகளை இன்னும் எழுதுகிறவர்கள் உண்டு. 2015 பதிப்பில் 10 பிரிவுகள்; குவாலிட்டி மேனுவல், மேனேஜ்மென்ட் ரெப்ரசென்டேட்டிவ் இரண்டும் கட்டாயம் இல்லை; தடுப்பு நடவடிக்கை என்ற தனிப் பிரிவு போய், இடர் பற்றிய சிந்தனை வந்துவிட்டது. இன்னொன்று, ‘ஐஎஸ்ஓ பெற்ற பொருள்’ என்று ஒன்று கிடையாது. அந்தச் சான்று நிர்வாக முறைக்கானது, அதையும் ஐஎஸ்ஓ நேரடியாகத் தருவதில்லை, தனிச் சான்று நிறுவனங்கள் தருகின்றன. பொருளுக்கான முத்திரை வேண்டுமானால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தரும் ஐஎஸ்ஐ மார்க்.

பிழையைக் குறைக்கும் முறையான சிக்ஸ் சிக்மா என்றால் பத்து லட்சத்துக்கு 3.4 பிழை என்று எல்லாரும் சொல்வார்கள். அதற்குள் சராசரி 1.5 சிக்மா நகரும் என்ற அனுமானம் ஒளிந்திருப்பதைச் சொல்பவர் அபூர்வம். இரண்டு நாளில் கிடைக்கும் சிக்ஸ் சிக்மா ‘கிரீன் பெல்ட்’ பயிற்சிச் சான்றிதழைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

எதற்கெடுத்தாலும் டொயோட்டாவை உதாரணம் காட்டுவதும் சலித்துவிட்டது. 1998-இல், தரத்துக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் சுந்தரம் கிளேட்டன், சென்னை பாடியில் இருந்தது. 2002-இல் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. இன்டஸ்ட்ரியல் விசிட் என்று பஸ் ஏறி, ஃபேக்டரியில் ஒரு மணி நேரம், ஊட்டியில் இரண்டு நாள் இருப்பவர்கள், அந்த ஒரு மணி நேரத்திலாவது சிவப்புத் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கலாம். ரிஜெக்ட் ஆனது அதில்தான் கிடக்கும்.

ஃபேக்டரிதான் வேண்டும் என்றும் இல்லை. போன வருடம் ஒரு பையன் ஹாஸ்டல் மெஸ் இட்லியை எடை போட்டுக் கொண்டுவந்தான். தினம் காலை ஐந்து இட்லி, 25 நாள், சமையல் தராசு. ஐந்து இட்லிக்குள் உள்ள எடை வித்தியாசத்தைக் காட்டும் ரேஞ்ச் சார்ட்டில் மூன்று நாள் கோட்டுக்கு வெளியே, மூன்றும் ஞாயிறு. அன்றைக்கு மாஸ்டர் லீவு, உதவிக்கு இருப்பவர் மாவு ஊற்றுகிறார். சராசரி சார்ட்டில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று கேட்டேன். “மாவு அதே அளவுதான் சார் செலவாகுது, ஒரு குழி வழியுது, ஒரு குழி பாதிதான் நிறையுது” என்றான்.